படியேறிய செவிலியரைக் காட்ட உதவியவர்களுக்கு நன்றி

அன்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

நூறாண்டுக்கு முந்தைய நியூயார்க் நகரத்துத் தாய்சேய் நலப் பணியைப் பற்றி எங்கள் ஊர் நூலகத்தில் நான்கு நாள் படக்காட்சி நடந்து முடிந்தது. பெயர் போட வேண்டாம் என்று உதவியவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டதால், செய்த வேலையைச் சொல்லியே நன்றி கூறுகிறேன்.

முதலில் நூலகர் ஐயா. அந்தப் பணியை முன்னின்று நடத்திய நகரச் சுகாதாரத் துறை மருத்துவர், டாக்டர் சாரா ஜோசபின் பேக்கரின் படத்தை மட்டும் நடுவில் பெரிதாக மாட்டலாம் என்றிருந்தேன். "படியேறிய செவிலியர் எங்கே?" என்று அவர் கேட்ட பிறகுதான் 1908ஆம் ஆண்டின் கோடை காட்சியின் நடுவே வந்தது. பள்ளி விடுமுறை என்பதால் பள்ளிச் செவிலியர் சுமார் முப்பது பேருக்கு வேலை இல்லை. நியூயார்க்கில் ஏழைகள் வாழ்ந்த லோயர் ஈஸ்ட் சைடில், வெளிச்சம் நுழையாத அடுக்குமாடிகள் நெருங்கிய ஒரு பகுதிக்கு பேக்கர் அவர்களை அனுப்பினார். பிறப்பு பதிவான மறுநாளே செவிலியர் வீட்டு வாசலில் நின்றார். தாய்ப்பால் கொடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், தினமும் குளிப்பாட்டுங்கள், கனத்த துணியைச் சுற்றாதீர்கள் என்பவைதான் அவர்கள் சொன்னவை. முந்தைய கோடையைவிட அந்தப் பகுதியில் 1,200 குழந்தை மரணங்கள் குறைந்தன என்று பேக்கர் பதிவு செய்திருக்கிறார். அந்த எண்ணை எழுதும்போது என் கை நின்றுவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் நகரச் சுகாதாரத் துறையில் குழந்தை நலத்துக்கென்றே தனிப் பிரிவு தொடங்கப்பட்டது.

தையற்கடை அண்ணனுக்கு என்ன சொல்வது! முன்பக்கம் முழுவதும் திறக்கும்படி பேக்கர் வடிவமைத்த குழந்தைச் சட்டையை, விளக்கத்தை மட்டும் கேட்டு மூன்று முறை பிரித்துத் தைத்தார். கூலி வாங்கவில்லை. "தலைவழியாக மாட்டினால் பிள்ளை வீறிடும். இதைச் சொன்னவர் குழந்தையைத் தூக்கிப் பழகியவர்" என்றார். அந்தச் சட்டையின் மாதிரித்தாளில் 2 லட்சம் பிரதிகளை ஒரு காப்பீட்டு நிறுவனம் வாங்கி வீடுகளுக்குக் கொடுத்தது என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் அக்கா நான்கு நாளும் நின்றுகொண்டே விளக்கினார். தொற்றால் பார்வை போகாமலிருக்க அந்நாளில் பிறந்த குழந்தையின் கண்ணில் விட்ட வெள்ளி நைட்ரேட் கரைசல், புட்டியில் இருக்க இருக்க நீர் வற்றிக் கடுமையாகி, காக்க வேண்டிய கண்ணையே புண்ணாக்கியது. அதற்காக ஒரு தடவைக்கு வேண்டிய துளிகளை மட்டும் தேன்மெழுகுக் குப்பியில் அடைக்கச் செய்தார் பேக்கர். அக்கா தம் வீட்டு அடுப்பில் மெழுகை உருக்கி அதன் மாதிரிகளைச் செய்து வந்திருந்தார்.

தம்பி தங்கைகளை வளர்த்த சிறுமிகளுக்காக அன்று நடந்த 'குட்டி அம்மாக்கள்' சங்கத்தை நடித்துக் காட்டிய ஏழாம் வகுப்புப் பெண்களுக்கும், பந்தல் போட்ட தம்பிகளுக்கும் என் அன்பு.

சட்டை இப்போது நூலகத்துக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. படங்களை ஆரம்ப சுகாதார நிலையத்தில், தாய்மார்கள் காத்திருக்கும் திண்ணைக்கு எதிரே மாட்ட வேண்டும் என்று அக்கா கேட்டிருக்கிறார். திங்கட்கிழமை காலை ஏணியோடு வருகிறேன், அக்கா.