பின்பலகையை முதலில் தட்டிப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவின் போனுக்கு நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஒரு வரிகூட எழுதாமல் படத்தை மட்டும் அனுப்பியிருந்தாய். "படகு வாங்கியிருக்கான்" என்று சொல்லி அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். மூன்று மாதம் கழித்து வந்த சேதி. சரி, நன்றாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டோம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எஞ்சினை மாட்டும் பின்பலகை பக்கச்சுவரோடு சேரும் மூலையில், இரண்டு பக்கமும், மயிரிழை போல விரிசல் ஓடுகிறது. பெயின்ட் வெடிப்பு என்று விற்றவர் சொல்லியிருப்பார். அதை நம்பாதே. உள்ளே மரம் இளகிப் போனால், எஞ்சினின் கனமும் உந்தலும் பலகையை ஆட்ட ஆட்ட, பெரும்பாலும் மூலையில்தான் முதலில் தெரியும். நிழலைப் பார்த்தால் உச்சி வெயிலில் எடுத்த படம். வந்தது செவ்வாய்க்கிழமை. லீவு போட்டிருப்பாய்.

வேறு எதையும் தொடுவதற்கு முன் பின்பலகையைத் தட்டிப் பார். சுத்தியலின் பிடியே போதும். நல்ல இடம் 'டக்' என்று எதிர்த்துப் பேசும், கெட்ட இடம் 'பொத்' என்று அடங்கிப் போகும். அப்புறம் எஞ்சினைச் சாய்த்துத் தூக்கி, தண்ணீருக்குள் இறங்கும் அதன் காலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார். பலகையின் மேல்விளிம்பு கூடவே அசைந்தால் சந்தேகமே வேண்டாம். அதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால் உள்பக்கத்திலிருந்து மூன்று நான்கு சின்னத் துளை போடு. வெளுத்த, உலர்ந்த மரத்தூள் வந்தால் நல்லது. கறுத்து ஈரமாக வந்தால் மேலே ஒரு கோட்டு ரெசின் பூசி மூடலாம் என்ற நினைப்பையே விட்டுவிடு. ஃபைபர் அழுகாது. இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவில் இருக்கும் பிளைவுட்தான் அழுகும். தண்ணீருக்கு உள்ளே போக ஒரு ஆணித்துளை போதும், வெளியே வர வழி கிடையாது.

பிரிக்கும்போது வெளித்தோலை விட்டுவிட்டு உள்தோலை மட்டும் வெட்டு. ஓரத்தில் நாலு விரல் அகலம் விட்டு வெட்டினால் புது ஃபைபர் துணியை ஒட்ட இடம் கிடைக்கும். வெட்டுவதற்கு முன் படகின் அடியை நன்றாக முட்டுக் கொடுத்து நிறுத்து. பின்பலகை இல்லாத படகு தன் வடிவத்தைத் தானே காப்பாற்றிக்கொள்ளாது. கோணி நின்றபடியே புதுப் பலகையை ஒட்டிவிட்டால் அந்தக் கோணல் அப்படியே நிலைத்துவிடும். தரையோடு ஓடும் நீளக் கட்டைகளையும் தட்டிப் பார். பின்பலகை போன படகில் அவை மட்டும் பிழைத்திருப்பது அபூர்வம்.

மாஸ்க் போட்டுக்கொள். கிரைண்டர் வைத்தால் கண்ணாடி இழைத் தூசு ஊரெல்லாம் பறக்கும். முகத்தில் கட்டும் துணி எதற்கும் ஆகாது, வடிகட்டி வைத்த மாஸ்க்தான் வேண்டும். முழுக்கை சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி. சின்ன வயதில் உனக்கு இருந்த இளைப்பை நீ மறந்திருப்பாய், நாங்கள் மறக்கவில்லை.

பலகைக்குக் கடலுக்கென்று செய்த பிளைவுட் வாங்கு. 18 மில்லிமீட்டரில் இரண்டை ஒட்டினால் 36 வரும், அந்த அளவு எஞ்சினுக்குப் போதும். பழைய தடிமனையும் சாய்வையும் அளந்து எழுதி வைத்துக்கொள். பழைய ஃபைபர் மேல் ஒட்டுவதற்குப் பாலியஸ்டர் ரெசினைவிட எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும். விலை கூடத்தான், ஆனால் இதில் கணக்குப் பார்க்காதே. (கையில் இருக்கிறதா? அம்மா கேட்கச் சொன்னாள்.) சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டி ஊற்றாதே. எபாக்ஸியில் டப்பாவில் போட்ட விகிதம்தான் விகிதம். பெரிய வாளியில் மொத்தமாகக் கலக்கவும் கூடாது, சூடேறிப் புகைய ஆரம்பித்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கு. பலகையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பை மூச்சுப் பிடித்து முறுக்காதே, பசையெல்லாம் பிதுங்கி வெளியே போய்விடும். மூலைகளில் சிலிக்காப் பொடி கலந்த கெட்டிப் பசையை வைத்து வளைவாக வழித்து விடு. செங்குத்தான மூலையில் ஃபைபர் துணி மடங்காது, அடியில் காற்று நின்றுவிடும்.

மாஸ்க் சொல்லிவிட்டேன் இல்லையா.

வேலை எப்படிப் போகிறது என்று நான் கேட்கவில்லை. நீ சொல்ல வேண்டியதைச் சொல்வாய். தங்கச்சியிடமாவது பேசுகிறாயா என்றால், அவளும் இல்லை என்கிறாள். எல்லாவற்றையும் தனியாகச் செய்து காட்ட வேண்டும் என்பது உன் ரத்தத்தில் இருக்கிறது. யாரிடமிருந்து வந்தது என்று அம்மா அடிக்கடி சொல்லிக் காட்டுகிறாள்.

நம் படகு என்ன ஆனது என்று நீ கேட்டதே இல்லை. நீ போன மறுவருஷம் அதன் பின்பலகையை நான் பிரித்தேன். தங்கச்சிதான் டார்ச் பிடித்தாள். மேலே, எஞ்சினின் நாலு போல்ட்டைச் சுற்றி மரம் அன்று வாங்கியதுபோல வெளுப்பாக இருந்தது. அந்த நாலு போல்ட்டும் நீ மாட்டியது. உனக்குப் பதினேழு வயது. துளையைப் பெரிதாகக் குடைந்து, ரெசினால் நிரப்பி, இறுகிய பிறகு மறுபடி துளைத்து, ஒரு முழு ட்யூப் பசையையும் பிதுக்கி மாட்டினாய். ஒரு ட்யூபையும் வீணாக்கிவிட்டாய் என்று நான் திட்டினேன்.

அழுகல் தொடங்கியிருந்தது கீழே, மீன் காட்டும் கருவியின் சென்சாருக்குப் போட்ட இரண்டு திருகாணியில். அங்கே மரத்தை விரலால் அள்ள முடிந்தது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஒரு சொட்டுப் பசையில்லாமல், வெறும் திருகாணியாக முறுக்கினது நான்தான். பத்து நிமிஷ வேலை என்று அன்று பெருமையடித்துக்கொண்டதுகூட ஞாபகம் இருக்கிறது.

ஏரியில் பலகை பிளந்த அன்று நீ எஞ்சினை முறுக்கியதுதான் காரணம் என்று கரையில் அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். நீ பதில் பேசவில்லை. அதற்குப் பிறகு நீ அந்தப் படகில் ஏறவும் இல்லை. "அண்ணன்கிட்ட சொல்லலையா அப்பா?" என்று டார்ச்சை அணைக்கும்போது தங்கச்சி கேட்டாள். அப்புறம் சொல்லலாம் என்றேன். எத்தனை தடவை போனில் பேசியிருப்போம், மழையைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் பேசினேனே தவிர இதைச் சொல்லவில்லை. ஒன்று கெட்டுப்போனால் அப்பா விசாரிக்க மாட்டார், நேராக என்மேல் போட்டுவிடுவார் என்று நீ எண்ணினால், அந்த எண்ணத்துக்குக் காரணம் இருக்கிறது. படகுக்கு மட்டும் சொல்லவில்லை.

உன் போல்ட் துளை ஒன்றோடு அந்த மரத்தை ஒரு சாண் அகலத்துக்கு அறுத்து வைத்திருக்கிறேன். ஷெட்டில் ஆணி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.

இன்னொன்று. புதுப் பலகையைப் பசை தடவி உள்ளே இறக்கும்போது ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். பசை காத்திருக்காது, தனியாளாகச் செய்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். எந்த நாள் என்று மட்டும் சொல், நான் வருகிறேன். வேலை நாளாக இருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. கிளாம்ப் நம்மிடம் ஆறு இருக்கிறது, நீ வாங்காதே.

அப்பா