தொலைநோக்கி வாங்கும் பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வானியல் பாடம் தொடங்கியதிலிருந்து, "பிள்ளை தொலைநோக்கி கேட்கிறான், வாங்கித் தரலாமா?" என்று பலர் கேட்கிறீர்கள். தாராளமாக வாங்கித் தரலாம். ஆனால் முதல் சில இரவுகள் நீங்களும் கூடவே நிற்க வேண்டும்.

பெட்டியின் மேல் '500 மடங்கு பெரிதாகத் தெரியும்' என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். முன்பக்க லென்ஸ் 70 மில்லிமீட்டர் அகலம் என்றால், 140 மடங்கைத் தாண்டினால் காட்சி மங்கிக் குழம்பிவிடும். ஐபீஸ்களில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ்களில், 25 மில்லிமீட்டர் என்று எழுதியிருப்பதை முதலில் மாட்டுங்கள். எண் பெரிதானால் உருப்பெருக்கம் குறைவு. தேடுவது சட்டென்று அகப்படும். சூரியன் மறைந்ததும், வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே, தூரத்து டவர் ஒன்றைப் பார்த்து ஃபைண்டரை, அதாவது மேலே இருக்கும் குறிபார்க்கும் சின்னக் கருவியை, சரிசெய்துவிடுங்கள். இருட்டில் அதோடு மல்லுக்கட்டித்தான் பல பிள்ளைகள் முதல் நாளே சலித்துப்போகிறார்கள்.

முதலில் நிலா. பௌர்ணமி வேண்டாம், அன்று வெளிச்சம் நேராக விழுவதால் எல்லாம் தட்டையாக இருக்கும். வளர்பிறை அரைநிலாவைக் காட்டுங்கள். வெளிச்சமும் இருளும் சேரும் ஓரத்தில் பள்ளங்களின் விளிம்பு பளிச்சென்றும், உள்ளே நிழல் கன்னங்கரேலென்றும் தெரியும். சென்ற மாதம் பள்ளி மைதானத்தில் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தொலைநோக்கியில் நிலா மெல்ல நகர்ந்துபோவதைப் பார்த்து, "சார், நிலா ஓடுது!" என்றாள். ஓடுவது நிலா இல்லை, பூமிதான் சுழல்கிறது என்றேன். குனிந்து தன் காலடியைப் பார்த்தாள். எத்தனையோ வருடம் நான் கரும்பலகையில் எழுதிப் போட்ட வரி அது.

அப்புறம் வியாழன். அதன் பக்கத்தில் ஏறக்குறைய ஒரே கோட்டில் நாலு புள்ளிகள் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட அதே நிலாக்கள். மறுநாள் அவை இடம் மாறியிருக்கும். சில இரவு மூன்றுதான் தெரியும். நாலாவது நிலா வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ போயிருக்கும். தினமும் வரையச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். சூரியன் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பவே கூடாது. கண நேரத்தில் பார்வை போய்விடும். விழித்திரைக்கு வலி தெரியாது. அதனால் பிள்ளைக்கு அந்த நேரத்தில் எதுவும் தோன்றாது. ஐபீஸில் திருகும் சின்ன சூரிய வடிகட்டி ஏதும் பெட்டியில் வந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். சூட்டில் அது விரிசல் விடும். பகலில் கருவி மூடியோடு உள்ளே இருக்கட்டும்.

பிள்ளைகள் வரைந்த தாள்களைக் கொடுத்தனுப்புங்கள், அறிவியல் அறைச் சுவரில் ஒட்டுகிறோம். வீட்டில் தொலைநோக்கி இல்லையென்றால் கவலை வேண்டாம். அடுத்த அரைநிலா வாரத்தில் பள்ளிக் கருவி மைதானத்தில் இருக்கும். பிள்ளையோடு நீங்களும் வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்