சம்பாவ் புல்லுக்கு வயதாகவில்லை

ஊத்தான் மெலிந்தாங்

அன்புள்ள சுப்பையா,

நான் நலம். மகன் வீட்டில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தீபாவளிக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் போடாததற்குக் காரணம் சோம்பல்தான்.

பரிணாமத்தை யார் கண்ணால் கண்டார்கள் என்று அதில் எகத்தாளமாகக் கேட்டிருந்தாய். நாம் கண்டோம். செம்பனை நிரைகளுக்கு நடுவே கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்த காலத்தில், மற்ற களைகள் கருகிக் கிடக்கச் சம்பாவ் புல் மட்டும் ஆங்காங்கே பச்சையாக நின்றதும், மருந்தில் தண்ணீரைக் கூட்டிவிட்டோம் என்று தோட்ட அலுவலகத்துப் பெரிய கிராணி நம்மேல் பாய்ந்ததும் உனக்கு மறந்திருக்காது. கிளைபோசேட்டுக்குச் சாகாத சம்பாவ் உலகிலேயே முதன்முதலாகப் பதிவானது 1997இல், நம் தெலுக் இந்தானில் ஒரு பழத்தோட்டத்தில்தான் என்று அண்மையில் படித்தபோது, அந்த மனிதரைத் தேடிப் போய்க் காட்ட வேண்டும் போலிருந்தது.

செடி சில அமினோ அமிலங்களை உண்டாக்கிக்கொள்ளத் தேவையான ஒரு நொதியைப் பற்றிக்கொண்டு அதை முடக்குவதே அம்மருந்தின் வேலை. அந்த நொதியின் 106ஆம் இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகச் செரின் என்பது அமைந்துவிட்டால், மருந்தின் பிடி தளர்ந்துவிடுகிறது. மருந்தைக் கண்டு புல் மாறியதாக எண்ணிவிடாதே. மரபணு படியெடுக்கப்படும்போது தற்செயலாக நேரும் பிழையால் மாறியிருந்த ஒன்றிரண்டு செடிகளைத் தவிர மற்றவற்றையெல்லாம் நாமே கொன்று, பிழைத்தவை விதைத்துப் பெருக இடத்தையும் ஒழித்துக் கொடுத்தோம். பிறகு 102ஆம் இடமும் சேர்ந்து மாறிய செடிகள் மலேசியாவிலேயே கண்டறியப்பட்டன. அவை பல மடங்கு மருந்தையும் தாங்குகின்றன. பராகுவாட் என்ற இன்னொரு களைக்கொல்லிக்கு அசையாத சம்பாவோ 1990லேயே இங்கு இருந்தது. அடுத்த தலைமுறைக்கு எந்த மருந்து மிஞ்சும் என்பது எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது.

புல் புல்லாகத்தானே இருக்கிறது என்று அடுத்து வாதாடுவாய். ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயிலில் மறுபடியும் வரிசையில் நின்று வாங்குவாயே, அந்தக் கேழ்வரகுக் கூழை நினைத்துக்கொள். சம்பாவுக்கு 18 குரோமோசோம்கள், கேழ்வரகுக்கு 36. கேழ்வரகு தாங்கும் இரண்டு மரபுத்தொகுதிகளில் ஒன்று சம்பாவின் வழியில் வந்தது என்பதை மரபணு ஒப்பீடு காட்டுகிறது.

நீ இருக்கும் கூச்சிங்குக்கு அருகே சந்துபோங்கில் தங்கியிருந்துதான், ஒவ்வோர் இனமும் தனக்கு நெருங்கிய முந்தைய இனம் வாழ்ந்த இடத்தையும் காலத்தையும் ஒட்டியே தோன்றியிருக்கிறது என்று 1855இல் இயற்கை ஆய்வாளர் வாலஸ் எழுதினார். பரிணாமத்தை விளக்கிய டார்வினின் நூல் 1859இல்தான் வெளிவந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு அங்கே போய் வா. அடுத்த கடிதத்திலாவது கொஞ்சம் கடினமான கேள்வியாகக் கேள்.

அன்புடன்,
வேலு