நடன வகுப்பும் பிள்ளைகளின் கூச்சமும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவத்தில் உடற்கல்வி வகுப்பில் கான்ட்ரா என்ற மேற்கத்திய நாட்டுப்புறக் குழு நடனத்தைச் சேர்த்திருக்கிறோம். பெரும்பாலான பிள்ளைகள் உற்சாகமாக ஆடுகிறார்கள். ஆனால், கையைப் பிடித்துச் சுற்றுவதும் கண்ணைப் பார்த்து வட்டமடிப்பதும் கூச்சமாக இருக்காதா என்று சில பெற்றோர்கள் கேட்டீர்கள். சிலருக்கு இருக்கத்தான் செய்கிறது. அதற்கு என்ன செய்கிறோம் என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

இந்த நடனத்தில் பிள்ளைகள் எதிரெதிராக இரண்டு நீண்ட வரிசைகளில் நிற்பார்கள். ஆசிரியர் ஒவ்வோர் அசைவாகச் சொல்லச் சொல்ல ஆடுவார்கள். ஒரு சுற்று 64 தாளக் கணக்கு, அதாவது ஏறக்குறைய அரை நிமிடம். அது முடிந்ததும் ஒவ்வொரு ஜோடியும் ஓரிடம் நகர்ந்து அடுத்த ஜோடியைச் சந்திக்கும். எதிரே வருபவர் யார் என்பது பிள்ளையின் கையில் இல்லை. நெருங்கிய தோழியிடம் செய்தால் சிரிப்பு வரும் ஒரு குறும்பு, அடுத்த அரை நிமிடத்தில் இதுவரை பேசியே இராத ஒருவரிடம் போய்ச் சேர்கிறது. சிக்கல் இங்கேதான்.

அதனால் அடிப்படை அசைவு எல்லோருக்கும் பொது, அதன் மேல் சேர்க்கும் அலங்காரம் எதிரே இருப்பவர் விரும்பினால் மட்டும் என்று வைத்திருக்கிறோம். ஜோடியாகப் பிடித்துச் சுழலும் ‘ஸ்விங்’ என்ற அசைவு முடியும்போது துணையின் கையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிடுவது பிள்ளைகளுக்குப் பெரிய ஆசை. கையைத் தூக்குவது அழைப்பு மட்டுமே. சுற்றுவதா வேண்டாமா என்பதைக் கைக்குக் கீழே இருப்பவர்தான் முடிவு செய்வார். அவர் கையைத் தாழ்த்திக்கொண்டால் வேண்டாம் என்று அர்த்தம். காரணம் கேட்கக் கூடாது, முகம் சுளிக்கவும் கூடாது. அவரே சுற்றினாலும் விரல்கள் தளர்வாகத்தான் இருக்க வேண்டும். இறுகப் பிடித்துத் திருகினால் மணிக்கட்டும் தோளும் வலிக்கும். துணையைப் பின்னால் சாய்த்துப் பிடிக்கும் வித்தை மட்டும் பள்ளியில் கிடையாது. முதுகுக்கு ஆபத்து என்பதால் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஸ்விங்கில் இருவரும் ஒருவரையொருவர் பிடித்து வேகமாகச் சுழல்வதால் தலை சுற்றும். துணையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கிறுகிறுப்பு குறையும். ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் கண்ணோடு கண் பார்ப்பது எளிதல்ல. காதையோ தோளையோ பார்த்தாலும் போதும் என்று சொல்லிக் கொடுக்கிறோம். வலத்தோளை ஒட்டி, தொடாமல் ஒருவரையொருவர் சுற்றி வரும் அசைவுக்கும் இதேதான். உற்றுப் பார்த்துக் கிண்டல் செய்தால் ஆசிரியர் உடனே இடையில் வருவார். தன் எடையைத் தன் காலில் வைத்துச் சுழல்வதும் முக்கியம். பின்னால் சாய்ந்து தொங்கினால் துணைதான் இரண்டு பேரையும் சுமக்க வேண்டியிருக்கும்.

ஆண் பிள்ளை இந்தப் பக்கம், பெண் பிள்ளை அந்தப் பக்கம் என்று நாங்கள் பிரிப்பதில்லை. ஜோடியில் இடப்பக்கம் நிற்பவர் லார்க், வலப்பக்கம் நிற்பவர் ராபின். பல நடனக் குழுக்களில் இப்போது இந்தப் பறவைப் பெயர்களே வழக்கம். யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கமும் நிற்கலாம். இதனால் பாதிக் கேலி தானாகவே அடங்கிவிட்டது.

ஒரு பாட்டுக்கு ஆடாமல் உட்கார்ந்திருக்கவும் அனுமதி உண்டு. எப்போதுமே உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் ஆசிரியர் தனியாகப் பேசுவார், எல்லோர் முன்னிலும் அல்ல.

அப்புறம், பருவ முடிவில் பெற்றோர்களும் சேர்ந்து ஆடும் மாலை ஒன்று இருக்கிறது. அனுபவத்தில் சொல்கிறேன்: கேட்காமல் சுற்றிவிடுவதில் பிள்ளைகளைவிடப் பெரியவர்களே முன்னணியில் இருக்கிறார்கள்! அன்று உங்களுக்கும் இதே விதிகள்தான். கூரான மோதிரங்களைக் கழற்றிவிட்டு, வழுக்காத தட்டையான காலணியில் வாருங்கள். உங்கள் பிள்ளைக்குக் கழுத்து, தோள், மூட்டுத் தொந்தரவு இருந்தாலோ தொடுதல் பிடிக்காது என்றாலோ, இத்துடன் உள்ள சீட்டில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். கையைத் தொடாமலேயே ஆடக்கூடிய மாற்று அசைவுகளைச் சொல்லிக் கொடுப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்