கொடி நாளுக்கு ஐம்பது ரூபாய் போதும், சரியான இடத்துக்குப் போகட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

டிசம்பர் 7 கொடி நாள், சின்னக் கொடியைக் கொடுத்துப் படைவீரர்களின் நலனுக்காக நிதி திரட்டும் நாள். அதையொட்டி ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எல்லையில் ஏதாவது நடந்தால் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் "ராணுவத்துக்குக் கொடுங்கள்" என்று செய்தி பறக்கும், ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடும். மாசக் கடைசியில் கேஸ் சிலிண்டருக்கே கணக்குப் பார்க்கிற எங்களைப் போன்றவர்கள், நாம் கொடுக்கிற ஐம்பது ரூபாயில் என்ன ஆகிவிடப் போகிறது என்று ஒதுங்கிக்கொள்கிறோம். அது சரியில்லை.

சியாச்சினில் நிற்கிறவருக்கு உடுப்பும் சாப்பாடும் அரசாங்கம் கொடுக்கிறது, கொடுக்கத்தான் வேண்டும். நம் காசு தேவைப்படுவது அவர் குடும்பத்துக்கு, அப்புறம் சேவை முடிந்து வந்த பிறகு அவருக்கு. 1949ல் இருந்து கொடி நாள் வசூல் நடக்கிறது. பென்ஷன் இல்லாத வயதான படைவீரர்களுக்கு மாத உதவி, பிள்ளைகளின் படிப்பு, மகள் கல்யாணம் எல்லாவற்றுக்கும் இந்த நிதியில் இருந்துதான் போகிறது. முதுகுத்தண்டில் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கும் வீரர்களைப் பார்த்துக்கொள்கிற புனேயில் உள்ள கிர்க்கி, பஞ்சாபில் உள்ள மொகாலி மையங்களுக்கும் இதில் பங்கு உண்டு. இதெல்லாம் வருஷம் முழுக்க நடக்கிற செலவு, அதனால் சண்டை வந்தால் மட்டும் ஆயிரம் கொடுப்பதைவிட மாசம் ஐம்பது கொடுப்பதுதான் நம்மால் முடிகிற, நிலைத்து நிற்கிற உதவி.

எங்கள் வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு ராணுவத்துக்குப் போகிற ஊர்களே உண்டு. எங்கள் அடுத்த வீட்டு அக்காவின் மகன் காஷ்மீரில் இருக்கிறான். ஏதாவது செய்தி ஓடினால் அவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், சாப்பிடக்கூட மாட்டார். காசே இல்லாதவர்கள் அந்த நேரத்தில் போய்க் கூட உட்காரலாம், அவரை ஆஸ்பத்திரிக்கோ பேங்குக்கோ அழைத்துப் போகலாம்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். "ஆயுதம் வாங்க ஒரு ரூபாய் கொடுங்கள், அரசு கணக்கு தொடங்கியிருக்கிறது" என்று ஒரு செய்தி வருஷக் கணக்காகச் சுற்றுகிறது. பாதுகாப்பு அமைச்சகமே அது தவறான தகவல் என்று சொல்லிவிட்டது. 2016 பிப்ரவரியில் சியாச்சின் பனிச்சரிவில் பத்து வீரர்கள் புதைந்தபோது, நாங்களும் உதவுகிறோம் என்று ஜனங்கள் கேட்டதால் ஒரு நிதி உருவானது, ஆனால் அது போரில் இறந்த, காயம்பட்ட வீரர்களின் குடும்பங்களுக்கானது, ஆயுதத்துக்கானது இல்லை. யாரோ அனுப்பிய க்யூஆர் கோடில் பணம் போடாதீர்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் நேரில் கொடுக்கலாம், முன்னாள் படைவீரர் நலனைக் கவனிக்கிற மத்திய அரசு அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டின் இணையதளத்திலும் செலுத்தலாம். ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. சான்றிதழ் வாங்கப் போன ஓர் அலுவலகத்தில் என் கையில் கொடியைத் திணித்துப் பணம் கேட்டார்கள், எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இப்படி வாங்கினால் கொடுக்கிறவர்களுக்கு வெறுப்புதான் வரும். அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று இரண்டு வரி சொன்னால் நம் ஜனங்கள் மனசாரக் கொடுப்பார்கள், கஷ்டப்படுகிறவர்கள் முதலில் கொடுப்பார்கள்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். டிசம்பர் முதல் வாரத்தில் எல்லா மாவட்ட நல அலுவலகங்களின் முகவரியையும், எந்த நிதி எதற்கு என்பதையும் ஒரு பெட்டிச் செய்தியாகத் தமிழில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குடியாத்தம்