விடுதிப் பிள்ளைக்குத் தனிமையே கிடையாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வளரிளம் பருவத்தினரின் மனச்சோர்வு பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரையில், "விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தனிமை என்ற பேச்சுக்கே இடமில்லை" என்று ஒரு வரி வந்திருந்தது. என் மாமனார் காலத்திலிருந்து உங்கள் பத்திரிகையை வாங்குகிற வீடு எங்களுடையது. அந்த வரியை என்னால் தாங்க முடியவில்லை.

பிளஸ் ஒன்னுக்கு என் மகளை வெளியூர் விடுதிப் பள்ளியில் சேர்த்தோம். ஒரே ஹாலில் நாற்பது பெண்கள். ஞாயிற்றுக்கிழமை வார்டன் அறையில் போன் கொடுப்பார்கள். பின்னால் வரிசை நிற்கும், வார்டன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். எதைக் கேட்டாலும் "ம்... சாப்பிட்டேம்மா" என்பாள். காலாண்டு விடுமுறைக்கு வந்தவள், தட்டை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து மளமளவென்று சாப்பிட்டு எழுந்தாள். ஏன்டி என்றால், "அங்க என்கூட யாரும் உட்கார மாட்டாங்கம்மா" என்றாள். அப்புறம் தூக்கம் போனது, படிப்பும் போனது. பள்ளியில் சொன்னால் பரீட்சை பயம் என்றார்கள். மனச்சோர்வு என்று சொல்லி சிகிச்சை தொடங்கியவர் மனநல மருத்துவர்தான்.

2020இல் 63 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், தனிமை எவ்வளவு கடுமையானது என்பதைவிட எவ்வளவு காலம் நீடித்தது என்பதற்கும் மனநலப் பாதிப்புக்கும்தான் தொடர்பு அதிகம் என்றார்கள். ஒன்பது ஆண்டு கழித்தும் மனச்சோர்வு தலைகாட்டலாம் என்றும் அதில் இருக்கிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பொதுத்தேர்வில் ரேங்க் அறிவிப்பதை அரசு 2017லேயே நிறுத்திவிட்டது. ஆனால் ரிசல்ட் வந்த மறுநாள் உங்கள் முதல் பக்கம் முழுக்கப் பிள்ளைகளின் போட்டோவும் மார்க்கும் போட்ட பள்ளி விளம்பரம்தான். அந்தப் படத்தில் இல்லாத பிள்ளை அதை எப்படிப் பார்க்கும்? மாணவர் தற்கொலைச் செய்திகளில் எழுதி வைத்த கடிதத்தை வரிக்கு வரி போடுவதை நிறுத்தச் சொல்லி முன்பே எழுதினேன். பதில் இல்லை.

கேட்பது இவ்வளவுதான். அந்த வரிக்குத் திருத்தம் வெளியிடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐ மாணவர் இணைப்பில் கத்தரித்து விடுதிச் சுவரில் ஒட்டுகிற அளவுக்குப் பெரிதாகப் போடுங்கள். கையில் போன் இல்லாத பிள்ளைகள் வார்டன் பக்கத்தில் இல்லாமல் அந்த எண்ணில் பேச, பள்ளிகள் வழிசெய்ய வேண்டும் என்றும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய், பட்டுக்கோட்டை
(மகளுக்காகப் பெயரைத் தவிர்க்க வேண்டுகிறேன்.)