பூனை வாடைக்குப் பிளீச்சிங் பவுடரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் வந்த வீட்டுக் குறிப்பு ஒன்றைப் படித்த கையோடு இதை எழுதுகிறேன். பழைய இரும்பு, பித்தளைச் சாமான்களில் பூனை மூத்திர வாடை போகாவிட்டால் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறப் போடச் சொல்லியிருக்கிறார் ஒரு வாசகர். அதற்கும் மசியாவிட்டால் தணலில் வாட்டி எடுக்க வேண்டுமாம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் உள்ள பழைய பொருள் கடைகளுக்கு உலோகச் சாமான்களைச் சுத்தம் செய்து கொடுக்கும் பட்டறை எங்களுடையது. மாமனார் நடத்தியது, அவருக்குப் பிறகு நான் பார்க்கிறேன். அந்தக் குறிப்புப்படி செய்தால் சாமானும் வீணாகும், செய்கிறவருக்கு மூச்சும் முட்டும்.

எங்கள் பக்கத்தில் இந்த வாடை ஏன் இவ்வளவு என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று எந்த ஊருக்குப் போனாலும் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகள் உண்டு. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோதான் கதவு திறக்கும். மற்ற நாளெல்லாம் வீட்டின் உள்பக்கமான இரண்டாம் கட்டில் பூனை ராஜ்ஜியம். சாமான் அறையிலிருந்து மூட்டையாகக் கட்டி எங்களிடம் வருவதில் வாடை அடிக்காதது அபூர்வம்.

அதிலும் படுத்துவது பழைய துப்பாக்கிச் சாமான்தான். அந்தக் காலத்தில் சுவரில் மாட்டி வைத்திருந்த துப்பாக்கியின் கட்டை செல்லரித்துப் போயிருக்கும். குதிரை (சுடும்போது சுத்தியல் மாதிரி அடிக்கும் பாகம்), விசை, விசையைச் சுற்றி வளைந்து நிற்கும் பித்தளைக் காப்பு, கட்டையின் அடித்தகடு, திருகாணிகள் மட்டும் ஒரு தகர டப்பாவில் மிஞ்சியிருக்கும். சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட விரும்புகிறவர்கள் இதை வாங்குகிறார்கள். குடம், அண்டா என்றால் தேய்த்துக் கவிழ்த்துவிடலாம். துப்பாக்கியைச் சுட வைக்கும் விசைப்பூட்டில் வில் (ஸ்பிரிங்) இருக்கும், வில்லுக்கு அடியில் இடுக்கு, அந்த இடுக்குக்குள் இன்னொரு திருகாணி. சமீபத்தில் தேவகோட்டையிலிருந்து வந்த ஒன்றைக் கழற்றியபோது, வில்லுக்குக் கீழே எப்போதோ போட்ட தேங்காய் எண்ணெய் காய்ந்து பெருங்காயக் கட்டி மாதிரி இறுகிக் கிடந்தது. ஊசியால் நெம்பினால் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. பட்டறை முழுக்க வாடை தூக்கியது. அதுவரை வெளிப்பக்கத்தை எத்தனை தேய்த்தும் போகாத வாடை அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

இரும்போ பித்தளையோ வாடையை உள்ளே உறிஞ்சிக்கொள்வதில்லை. மேலே படிந்த பிசுக்கும் துருவும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. அதனால் முதல் வேலை கழற்றுவது. கட்டை இருந்தால் தனியாக எடுத்துவிட வேண்டும், மரத்தில் ஊறிய மூத்திரம் வேறு சமாச்சாரம். பிறகு டீசலிலோ டர்பன்டைனிலோ ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பிசுக்கை எடுக்க வேண்டும். பிசுக்கு போகாமல் மேலே எதை ஊற்றினாலும் அது உள்ளே இறங்காது.

அப்புறம்தான் மூத்திரத்தைக் கவனிக்க வேண்டும். பூனை மூத்திரம் காய்ந்தால் யூரிக் அமிலம் உப்பாகப் படிகிறது. இது வெறும் தண்ணீரில் லேசில் கரையாது. எலுமிச்சை, புளி, வினிகர் போட்டால் அமோனியா அடங்கிவிடும், வாடை போனது போல் தோன்றும். படிந்த உப்பு அங்கேயே இருக்கும். காற்றில் ஈரம் ஏறியதும் மறுபடி நாறும். யூரிக் அமிலம் காரத்தில்தான் நன்றாகக் கரையும். அதனால் வெந்நீரில் சலவைச் சோடாவும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுத் தேய்ப்பதுதான் எங்கள் வழக்கம். அலுமினியச் சாமானுக்கு இது ஆகாது, காரம் அரித்துவிடும். அதற்கு சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். செல்லப் பிராணிக் கடைகளில் விற்கும் என்சைம் திரவமும் நல்லதுதான், ஆனால் அது வேலை செய்ய ஈரம் காயாமல் இருக்க வேண்டும், இரும்போ ஈரத்தில் கிடந்தால் துருப்பிடிக்கும். கண் முன்னால் வைத்துக்கொண்டு செய்கிறவருக்குத்தான் அது சரிப்படும்.

புளியைப் பற்றி இன்னொன்று. பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்ப்பது நம் வீட்டுப் பழக்கம். அதே புளிக்கையோடு துப்பாக்கி இரும்பைத் தொட்டால், பதப்படுத்தி ஏற்றிய கருநீலப் பூச்சு அந்த இடத்தில் வெளுத்துப் போகும். பழைய பொருளுக்கு அந்தக் கருமைதான் விலை. துருவை எடுக்க மெல்லிய எஃகுப் பஞ்சும் மெஷின் எண்ணெயும் போதும். மூத்திரத்தில் சாதாரண உப்பும் உண்டு. அது துருவுக்குள் தங்கிவிட்டால் எடுத்த துரு திரும்ப வரும். ஆகவே நல்ல தண்ணீரில் பல முறை அலசி, வெயிலில் முழுக்கக் காயவைத்து, எண்ணெய் பூசித்தான் எடுத்து வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம்.

இப்போது அந்தக் குறிப்புக்கு வருகிறேன். பிளீச்சிங் பவுடரில் உள்ள குளோரினும் மூத்திரத்தில் உள்ள அமோனியாவும் சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சுவாயு வரும். கண் எரியும், நெஞ்சை அடைக்கும். கதவைச் சாத்திய குளியலறையில் ஒரு வாளி நிறைய இப்படி ஊறப் போடுவதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. இரும்பையும் அது அரிக்கும். உலோகம் அரிப்பதைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி 1953 முதல் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. இரும்பைப் பிளீச்சிங் தண்ணீரில் போடச் சொல்வதை அங்கே யாரிடமாவது காட்டியிருந்தால் அச்சுக்கே போயிருக்காது.

பித்தளைக்கு வேறு ஆபத்து. மூத்திரம் பட்ட பித்தளைத் திருகாணியின் பள்ளத்தை உற்றுப் பார்த்தால் பச்சையும் நீலமுமாகப் பொருக்கு தெரியும். அமோனியா செம்பைத் தின்ற அடையாளம். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் இருந்த பட்டாளம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. பித்தளைத் தோட்டாக் கூடுகள் சும்மா கிடந்தபடியே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்து அமோனியாவும், கூட்டை அழுத்தி இழுத்துச் செய்தபோது உலோகத்தில் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-ல்தான் விளக்கம் வந்தது. லாயத்துக்குப் பதில் நம் சாமான் அறை, குதிரைக்குப் பதில் பூனை, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் அமோனியா கலந்த மெருகுத் திரவங்களை மெல்லிய பித்தளைத் தகட்டில் நான் தொடுவதே இல்லை.

தணலில் வாட்டச் சொன்னது எல்லாவற்றிலும் மோசம். வில்லைச் சூடாக்கினால் முறுக்கு போய்விடும், அதுகூடப் போகட்டும். குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கிட்டித்த, அதாவது இடித்து நிரப்பிய, பழைய துப்பாக்கிக் குழல்களில் அந்த மருந்து அப்படியே இருந்துவிடுவது உண்டு. ஐம்பது, நூறு வருஷம் ஆனாலும் கரிமருந்து கரிமருந்துதான். மூட்டையில் குழல் வந்தால் நாங்கள் ஒரு குச்சியை வாய் வழியாக உள்ளே விட்டு, அதே நீளத்தை வெளியே வைத்துப் பார்ப்போம். மருந்து பற்றும் துளை வரை குச்சி போகவில்லை என்றால் கை வைக்காமல் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுவோம். "ஒரு தடவை நெருப்பில காட்டிக் குடுத்துடு ஆத்தா, நாத்தம் போகட்டும்" என்று குழலை நீட்டுகிற ஆச்சிமார் இருக்கிறார்கள். முடியாது என்றால் வருத்தப்படுவார்கள். பட்டால் படட்டும்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் 45-வது பிரிவில், பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதங்களுக்கும், வேறு பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமில்லாத சில்லறைப் பாகங்களுக்கும் விலக்கு இருக்கிறது. சுடக்கூடிய குழல் அதில் சேராது. சந்தேகம் இருந்தால் வாங்கும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

குறிப்பு எழுதியவர் மேல் எனக்குக் கோபமில்லை, தரையில் பட்டதற்குச் செய்வதை இதற்கும் செய்யச் சொல்லிவிட்டார். ஆனால் ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒரு திருத்தம் போடுங்கள். ஈரம் ஏறி வாடை கிளம்பும்போதுதான் ஜனங்கள் பழைய பேப்பரைப் புரட்டிப் பிளீச்சிங் பவுடரைத் தேடுவார்கள்.

இப்படிக்கு,
உலோகப் பட்டறை வைத்திருக்கும் வாசகி,
காரைக்குடி